த்ரெட்ஸை ஃபெடிவர்ஸுடன் இணைப்பது எப்படி? வாசகர்களை இழக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

த்ரெட்ஸ் என்பது ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் குறும்பதிவுச் செயலி. அதன் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதிக்குள் போனால் 'ஃபெடிவர்ஸ் ஷேரிங்' என்று ஒரு வரி இருக்கும். நிறையப் பேர் அதைப் பார்த்திருப்பார்கள், என்னவென்று புரியாமல் கடந்து போயிருப்பார்கள். அதை இயக்கிவிட்டால், நீங்கள் த்ரெட்ஸில் எழுதுவதை மெட்டாவில் கணக்கே இல்லாத ஒருவர், வேறு யாரோ நடத்தும் ஒரு சின்ன சர்வரில் இருந்தபடியே படிக்கலாம், லைக் போடலாம், பதில் எழுதலாம். இவ்வளவு பெரிய நிறுவனம் தன் மதில் சுவரில் இப்படி ஒரு வாசல் வைப்பது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

அந்த வாசலை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே கவனமாக இருப்பது, வேண்டாம் என்றால் எப்படிச் சாத்துவது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தமிழில் பறவைகளைப் பற்றி எழுதுகிறவன். முன்பு ஒரு தளத்தில் ஆறு ஆண்டுகள் எழுதினேன். ஒருநாள் தளத்தை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது. என் கட்டுரைகளின் பிரதி என்னிடம் இருந்தது. ஆனால் அவற்றுக்குக் கீழே வாசகர்கள் எழுதிய பதில்கள், 'எங்கள் ஊர் ஏரியில் இந்த நாரையைப் பார்த்தேன்' என்று தேதியோடு எழுதிய குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. அந்த வாசகர்களைத் திரும்பத் தேடிப் பிடிக்கவும் வழி இல்லை. எழுத்தை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், வாசகர்களை அப்படி எடுத்து வைக்க முடியாது. ஃபெடிவர்ஸ் என்ற ஏற்பாடு எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஃபெடிவர்ஸ் என்றால் என்ன?

பி.எஸ்.என்.எல். சிம் வைத்திருப்பவர் ஏர்டெல் எண்ணுக்குப் பேசுகிறார். இரண்டும் வேறு வேறு நிறுவனம், ஆனாலும் பேச முடிகிறது. ஆனால் எக்ஸ் தளத்தில் இருப்பவரை இன்ஸ்டாகிராமில் இருந்து பின்தொடர முடியாது. அதைச் சாத்தியமாக்க ஒரு பொதுவான மொழி வேண்டும். அந்தப் பொதுமொழிகளில் ஒன்றுதான் ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது.

இந்த மொழியைப் பேசும் சர்வர்களின் கூட்டத்துக்குத்தான் ஃபெடிவர்ஸ் என்று பெயர். 2016-இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ தொடங்கிய, ட்விட்டர் போலக் குறும்பதிவு எழுதும் மாஸ்டடான் இதில் பெயர் பெற்றது. படங்களுக்குப் பிக்ஸல்ஃபெட், வீடியோவுக்குப் பியர்டியூப் என்று வேறு மென்பொருள்களும் உண்டு. மாஸ்டடான் என்பது ஒரே தளம் இல்லை. ஆயிரக்கணக்கான சர்வர்களில் தனிநபர்கள், சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், அரசு அமைப்புகள் தனித்தனியாக நடத்துவது. ஒன்றில் கணக்கு இருந்தால் மற்றதில் இருப்பவரையும் பின்தொடரலாம்.

இந்தியாவுக்கு இது புதிதும் இல்லை. 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இங்கிருந்து பலர் கோபத்தோடு மாஸ்டடானுக்குப் போனார்கள். கணிசமானவர்கள் சில வாரங்களில் திரும்பியும் வந்தார்கள். காரணம் எளிது: அவர்கள் படிக்க விரும்பியவர்கள் அங்கே இல்லை.

பெரிய நிறுவனம் உள்ளே வந்த கதை

2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியதும் மாஸ்டடானின் மாதப் பயனர்கள் சுமார் 3 லட்சத்தில் இருந்து இரண்டே மாதங்களில் 25 லட்சம் வரை ஏறினார்கள். அப்புறம் அந்த அலை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. 2023 ஜூலையில் மெட்டா த்ரெட்ஸைத் தொடங்கியது. ஐந்தே நாளில் 10 கோடிக் கணக்குகள். தொடங்கும்போதே, ஆக்டிவிட்டிபப் வழியாக ஃபெடிவர்ஸில் சேர்வோம் என்று மெட்டாவின் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொஸேரி சொல்லியிருந்தார்.

சொன்னதைச் செய்யவும் தொடங்கினார்கள், ஆனால் மெதுவாக. 2023 டிசம்பரில் சோதனை. 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பான். ஜூனில் 100-க்கும் மேற்பட்ட நாடுகள். 2024 ஏப்ரலில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடனின் த்ரெட்ஸ் கணக்கிலும் இந்த வசதி இயக்கப்பட்டது. ஒரு நாட்டு அதிபர் எழுதுவதை, யாரோ தன் வீட்டு அலமாரியில் வைத்து ஓட்டும் சர்வரில் படிக்க முடிந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எல்லோரும் மகிழவில்லை. த்ரெட்ஸ் வெளிவருவதற்கு முன்பே, 2023 ஜூனிலேயே, நூற்றுக்கணக்கான சர்வர் நிர்வாகிகள் 'மெட்டா வந்தால் தடுப்போம்' என்று உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். அவர்களுடைய அச்சத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கீழே நான் சொல்லும் சில படிகள் ஏன் தேவை என்று புரியும்.

2005-இல் கூகுள் டாக் என்ற அரட்டைச் சேவை வந்தது. அது எக்ஸ்எம்பிபி என்ற திறந்த மொழியைப் பேசியது. 2006 தொடக்கத்தில் வெளியே இருந்த சர்வர்களோடும் பேசத் தொடங்கியது. அதாவது, உங்கள் கல்லூரி நடத்திய சின்ன அரட்டைச் சர்வரில் இருந்து ஜிமெயில் நண்பரோடு பேசலாம். எக்ஸ்எம்பிபி ஆர்வலர்களுக்கு அது திருவிழா போல. ஆனால் கொஞ்ச காலத்தில் அவர்கள் நண்பர்களில் பெரும்பாலோர் கூகுள் பக்கம் இருந்தார்கள். அதற்குப் பதிலாக 2013-இல் கூகுள் கொண்டுவந்த ஹேங்அவுட்ஸில் வெளிச்சர்வர்களோடு பேசும் வசதி இல்லை. 2014 மே மாதம் எக்ஸ்எம்பிபி சர்வர்கள் தங்களுக்குள் போகும் செய்திகளுக்கு மறைகுறியாக்கத்தை, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதை, கட்டாயமாக்கின. சர்வர்களுக்கு இடையே அதைச் செய்யும் வசதி கூகுள் டாக்கில் இல்லாததால் மிச்சம் இருந்த இணைப்பும் அறுந்தது. எக்ஸ்எம்பிபி சாகவில்லை, இன்றும் ஓடுகிறது. ஆனால் அதன் பயனர்கள் ஒரு காலையில் விழித்தபோது நண்பர்கள் பட்டியல் பாதி காலியாக இருந்தது.

இங்கும் அளவு வித்தியாசம் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் த்ரெட்ஸில் மாதத்துக்கு 40 கோடிப் பேர். மாஸ்டடான் சர்வர்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சில லட்சம். ஏரியையும் கிணற்றையும் வாய்க்கால் வெட்டி இணைத்தது போல.

இதற்காக வாசலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2019-இல் வந்தவர்கள் திரும்பிப் போனது ஏன் என்பதை மேலே சொன்னேன். வாசல் இருந்தால் அந்தக் காரணம் பாதி குறைகிறது. நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: முதன்மை முகவரி, நாம் எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டிக் கிளம்பக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் கணக்கு அதற்குத் துணையாக இருக்கட்டும்.

படி 1: மாஸ்டடானில் ஒரு கணக்கு, சர்வரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. ஒரு சர்வரின் முகப்பில் 'அபவுட்' பக்கம் இருக்கும். அதில் மூன்று விஷயம் பாருங்கள்.

யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்பது முதலாவது. நன்கொடைக் கணக்கை வெளிப்படையாகப் போடும் சர்வர்கள் உண்டு, நான் அவற்றையே விரும்புவேன். பெரிய பெயர் இருந்தால் நிலைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் தயாரிக்கும் மொஸில்லா தன் மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பரில் மூடியது. ஐரோப்பிய ஒன்றிய அமைப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய சர்வரும் 2024 மே மாதம் மூடப்பட்டது.

இரண்டாவது விதிகள். எதை அனுமதிப்பார்கள், புகார் வந்தால் என்ன செய்வார்கள் என்று படியுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அதே பக்கத்தின் கீழே 'மாடரேட்டட் சர்வர்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். சில நிர்வாகிகள் அதை மறைத்து வைத்திருப்பார்கள், அப்போது அவர்களிடமே கேட்டுவிடலாம். அதில் த்ரெட்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். 'லிமிட்டட்' என்றால், த்ரெட்ஸ்காரர்களை நீங்களாகத் தேடிப் பின்தொடரலாம், ஆனால் பொது ஓடையில் அவர்கள் வரமாட்டார்கள். 'சஸ்பெண்டட்' என்றால் உறவே கிடையாது. த்ரெட்ஸ் வாசகர்கள் வேண்டும் என்று நினைப்பவர் சஸ்பெண்ட் செய்த சர்வரில் சேர்ந்தால், கீழே உள்ள பாதிப் படிகள் வேலை செய்யாது. மெட்டாவின் நிழலே வேண்டாம் என்பவருக்கு அதே சர்வர்தான் பொருத்தமானது.

ஒன்றும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் மாஸ்டடான் அமைப்பே நடத்தும் மாஸ்டடான்.சோஷியல் சர்வரில் தொடங்குங்கள். பிறகு மாறிக்கொள்ளலாம், அதற்கான வழி படி 7-இல் இருக்கிறது.

கணக்கு திறந்ததும் செட்டிங்ஸில் 'பிரைவஸி அண்ட் ரீச்' பகுதிக்குப் போங்கள். உங்கள் பொதுப் பதிவுகள் தேடலில் வரலாமா என்று கேட்கும். மாஸ்டடானில் இது நீங்கள் சம்மதித்தால் மட்டுமே நடக்கும். வாசகர்கள் வேண்டும் என்றால் சம்மதியுங்கள். 'தமிழ்', 'பறவைகள்' போன்ற ஹேஷ்டேகுகளைப் பின்தொடரும் வசதியும் உண்டு. தமிழில் எழுதுகிறவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில், ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

படி 2: த்ரெட்ஸில் பகிர்வை இயக்குங்கள்

நிபந்தனை இரண்டு: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கணக்கு பப்ளிக்காக இருக்க வேண்டும். செட்டிங்ஸ், அக்கவுண்ட், ஃபெடிவர்ஸ் ஷேரிங் என்ற வரிசையில் போய் அங்கே வரும் விளக்கத்தைப் படித்துவிட்டு இயக்குங்கள்.

இயக்கியதும் உங்களுக்கு ஒரு முழு முகவரி கிடைக்கும். அது @உங்கள்பெயர்@த்ரெட்ஸ்.நெட் என்ற அமைப்பில் இருக்கும், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில்தான். செயலியின் இணைய முகவரி 2025-இல் டாட் காமுக்கு மாறியது, ஆனால் இந்த முகவரியில் டாட் நெட் என்றே எழுதுங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் பல நேரம் இங்கேதான் தவறுகிறார்கள்.

இயக்குவதற்கு முன் எழுதிய பழைய பதிவுகள் வெளியே போகாது. புதிதாக எழுதுவதும் உடனே போகாது, திருத்துவதற்கான சில நிமிட அவகாசம் முடிந்த பிறகே போகும். யார் பதில் எழுதலாம் என்று கட்டுப்படுத்திய பதிவுகள் த்ரெட்ஸுக்குள்ளேயே நின்றுவிடும்.

படி 3: இரண்டு பக்கமும் பின்தொடருங்கள்

மாஸ்டடான் தேடல் பெட்டியில் அந்த முழு முகவரியை ஒட்டித் தேடினால் கணக்கு வரும், ஃபாலோ அழுத்துங்கள். பக்கம் காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் சர்வரில் இருந்து இதுவரை யாரும் அவரைப் பின்தொடராமல் இருந்திருப்பார்கள், இனி எழுதுவது வந்து சேரும். கணக்கே வரவில்லை என்றால், அவர் பகிர்வை இயக்கவில்லை, அல்லது உங்கள் சர்வர் த்ரெட்ஸைத் தடுத்திருக்கிறது.

எதிர்த்திசை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. த்ரெட்ஸில் இருந்து ஃபெடிவர்ஸ் ஆட்களைப் பின்தொடரும் வசதி 2024 டிசம்பரில் குறைந்த அளவில் தொடங்கியது. 2025 ஜூனில் தேடலும் தனி ஃபீடும் சேர்ந்தன. பகிர்வை இயக்கியவர்களுக்குத்தான் அந்த ஃபீடு தெரியும். கவனியுங்கள், மாஸ்டடான்காரர்களின் பதிவுகள் த்ரெட்ஸின் வழக்கமான ஃபீடில் கலக்காது, தனி அறையில்தான் இருக்கும். த்ரெட்ஸ் முழுக்க நம் எழுத்து பரவிவிடும் என்று எதிர்பார்த்து மாஸ்டடானில் எழுதுபவர் ஏமாந்துபோவார். தேடி வருகிற வாசகர் மட்டும்தான் அங்கிருந்து கிடைப்பார்.

படி 4: எது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பகிர்ந்த பதிவை த்ரெட்ஸில் அழித்தால், அழிக்கச் சொல்லி மற்ற சர்வர்களுக்கும் செய்தி போகும். அவை அழிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிள்ளைகளின் படம், வீட்டு முகவரி தெரியும் படம் ஆகியவற்றைப் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

மாஸ்டடானில் இருப்பவர் த்ரெட்ஸில் உள்ள ஒருவருக்குப் பதில் எழுதினால், பதிலும் பெயரும் படமும் மெட்டாவின் சர்வருக்குப் போகும். த்ரெட்ஸில் உங்களைப் பின்தொடர்பவர் இருந்தால் உங்கள் பொதுப் பதிவுகளும் போகும். போகாதவை: நீங்கள் பதிவுசெய்த மின்னஞ்சல், நீங்கள் எந்த ஐபி முகவரியில் இருந்து உள்ளே வருகிறீர்கள் என்ற விவரம். அவை உங்கள் சொந்த சர்வரிலேயே இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மாஸ்டடானின் தனிச் செய்திகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை இல்லை. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். ரகசியம் பேச அந்த இடம் வேண்டாம்.

படி 5: வாசலைச் சாத்த வேண்டுமா?

சர்வர் முழுவதும் தடுப்பது நிர்வாகியின் வேலை. ஆனால் உங்கள் கணக்குக்கு மட்டும் நீங்களே தடுக்கலாம். ஏதாவது ஒரு த்ரெட்ஸ் கணக்கின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளி மெனுவில் அந்த டொமைனை (சர்வரின் இணையப் பெயரை) தடு என்ற தேர்வை அழுத்துங்கள். அங்கிருந்து வரும் எதுவும் உங்கள் கண்ணில் படாது.

அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். த்ரெட்ஸில் இருந்து உங்களைப் பின்தொடர்பவர்கள் அத்தனை பேரும் அந்த நொடியே நீங்கிவிடுவார்கள். பிறகு தடையை எடுத்தாலும் தானாகத் திரும்ப வரமாட்டார்கள். தொல்லை ஓரிருவரால்தான் என்றால் அவர்களை மட்டும் தடுப்பது நல்லது.

படி 6: சொந்தத் தளம் இருக்கிறதா? அதையே இணைத்துவிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தமிழ் வலைப்பதிவுகள் தழைத்த காலத்தில் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வழியாகத்தான் வாசகர்கள் வந்தார்கள். திரட்டிகள் ஓய்ந்ததும் பலர் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள், வலைப்பதிவு தூசி படிந்தது. இப்போது வலைப்பதிவையே ஃபெடிவர்ஸில் ஒரு கணக்காக மாற்றலாம்.

வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் 'ஆக்டிவிட்டிபப்' என்ற பெயரிலேயே ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) இருக்கிறது. மத்தியாஸ் ஃபெஃபர்லே உருவாக்கியது. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2023 மார்ச்சில் அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. இதுவும் ஒரு பெரிய நிறுவனம் உள்ளே வந்த கதைதான். ஆனால் இங்கே எழுத்தும் முகவரியும் உங்கள் டொமைனில் இருக்கின்றன. பிளகினை நிறுவி இயக்குங்கள். செட்டிங்ஸில், ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிக் கணக்கா, தளம் முழுவதற்கும் ஒரே கணக்கா என்று தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். மாஸ்டடானில் இருப்பவர் உங்கள் வலைப்பதிவையே பின்தொடரலாம். அவர் அங்கே எழுதும் பதில் உங்கள் தளத்தில் கமெண்டாக வந்து உட்காரும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் வேர்ட்பிரஸுக்கு மாறினேன். என் வாசகர் மரக்காணத்தில் பூநாரை பார்த்ததாக எழுதும் குறிப்பு இப்போது என் டேட்டாபேஸில் இருக்கிறது. பிளாக்கரில் எழுதுபவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் பதிவின் இணைப்பை மாஸ்டடானில் தாங்களே போட வேண்டியதுதான்.

புளூஸ்கையில் நண்பர்கள் இருந்தால்? ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கை வேறொரு மொழி பேசுகிறது, அதன் பெயர் ஏடி புரோட்டோகால். நடுவில் மொழிபெயர்க்க பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் உண்டு. மாஸ்டடானில் இருந்து அந்தப் பாலத்தின் புளூஸ்கைக் கணக்கைப் பின்தொடர்ந்தால் உங்கள் கணக்கு அந்தப் பக்கமும் தெரியத் தொடங்கும். வேண்டாம் என்றால் அதைத் தடுத்துவிட்டால் போதும்.

படி 7: கிளம்புவதற்குத் தயாராக இருங்கள்

மாஸ்டடானில் ஒரு சர்வரை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். புதிய சர்வரில் கணக்கு திறந்து, அதன் செட்டிங்ஸில் பழைய முகவரியை 'ஏலியாஸ்' (மாற்றுப்பெயர்) ஆகச் சேருங்கள். அப்புறம் பழைய கணக்கின் செட்டிங்ஸில் இடம்பெயரும் பகுதிக்குப் போய்ப் புதிய முகவரியைக் கொடுத்து, கடவுச்சொல்லோடு உறுதிசெய்யுங்கள். பின்தொடர்பவர்கள் தாமாகப் புதிய கணக்குக்கு மாறத் தொடங்குவார்கள். எண்ணை வைத்துக்கொண்டே செல்பேசி நிறுவனம் மாறுவது போலத்தான், ஆனால் இங்கே முகவரி மாறும், ஆட்கள் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது. மாறிய பின் மறுபடி மாற 30 நாள் காத்திருக்க வேண்டும்.

பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போது மட்டுமே இது நடக்கும். மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

த்ரெட்ஸில் இந்த வசதி இல்லை. விட்டுப் போகிறவர் தன் வாசகர்களை அழைத்துக்கொண்டு போக முடிய வேண்டும் என்று 2023-இல் மொஸேரியே எழுதினார். அது இன்னும் வரவில்லை. அது வரும் நாளில் முதன்மைக் கணக்கு எங்கே இருக்க வேண்டும் என்ற என் கருத்தை மறுபடி யோசிப்பேன். அதுவரை, த்ரெட்ஸ் புரொஃபைலில் உங்கள் மாஸ்டடான் அல்லது வலைப்பதிவு முகவரியைப் போட்டு வையுங்கள். நாளை வாசல் அடைபட்டாலும் வாசகர் எங்கே வர வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும்.

மாஸ்டடான் செட்டிங்ஸில் 'இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்' பகுதியில் நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க்குகள் எல்லாம் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்புகளாகக் கிடைக்கும். பதிவுகளும் படங்களும் சேர்ந்த முழுத் தொகுப்பை 7 நாளுக்கு ஒருமுறை கேட்டுப் பெறலாம். நான் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இரண்டையும் இறக்கி, பறவைப் படங்கள் இருக்கும் அதே ஹார்ட் டிஸ்கில் தேதி போட்டு வைத்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை.